இலவச ஆஸ்பத்திரிக்குப் போய்வர எவ்வளவு முடிகிறது?

வாசகர் கேள்வி, 2024 ஜூன் 8

இலங்கையில் வைத்தியம் இலவசம் என்று கேட்டுத்தான் வளர்ந்தோம். பெரியாஸ்பத்திரியில் கட்டிலுக்கோ சத்திரசிகிச்சைக்கோ யாரும் காசு கேட்பதில்லை. பிறகு ஏன் வருத்தம் வந்த வீட்டு நகை அடகுக்குப் போகிறது? சனம் தேவையில்லாமல் பிறைவேற்றுக்கு ஓடுவதுதான் காரணம் என்பது என் எண்ணம். இல்லை என்பவர்கள் எழுதுங்கள்.

2024 ஜூன் 9

இல்லை என்கிறேன். நான் ஹார்ட்வெயார் கடையொன்றில் கணக்கெழுதுகிறவன். ஊர் மரண உதவிச் சங்கத்துக்கும் பொருளாளர். ஆகவே கணக்கோடு வருகிறேன்.

எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி ஓர் அக்கா இருக்கிறார். சுழிபுரம் பக்கம். தோட்டக்கூலிதான் தொழில்: வெங்காயம் நடுவது, புல்லுப் பிடுங்குவது, புகையிலைக்குத் தண்ணீர் மாறுவது. ஐம்பத்திரண்டு வயது, சீனியும் பிறசரும் இருக்கிறது. மாதம் ஒருமுறை யாழ்ப்பாணம் பட்டினத்தில் கிளினிக். போன கிழமை அவருடைய கிளினிக் கொப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டுக் கேட்டு எழுதினேன்.

இழந்த நாட்கூலி 1,800. பஸ் போகவர 240. வெறும் வயிற்றோடு இரத்தம் கொடுத்தபின் தேத்தண்ணியும் பணிசும் 200. கிளினிக்கில் இல்லை என்று துண்டு எழுதிக் கொடுத்த குளிசை வெளியில் 900. மாதம் 3,140 ரூபா. இதைவிட மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளி லாப்பில் எச்பிஏ1சி (மூன்று மாதச் சீனி நிலையைக் காட்டுகிற இரத்தப் பரிசோதனை), 1,400. வருடத்துக்கு 37,680உம் 5,600உம் சேர்த்து 43,280.

இதில் டொக்டருக்குப் போனது ஒரு சதமும் இல்லை. அக்கா பிறைவேற் வாசல்படி மிதித்ததும் இல்லை.

2024 ஜூன் 11

திருத்தம். வட்டுக்கோட்டைக்காரர் ஒருவர் சரியாகப் பிடித்துவிட்டார். மாரியில் தோட்டம் வெள்ளமாகக் கிடக்கும்போது யார் கூலிக்குப் போவது? ஐப்பசி பிறந்தால் அக்கா பல நாள் வீட்டில்தான். பன்னிரண்டு கிளினிக் நாளுக்கும் கூலி போனதாக நான் போட்டது பிழை. எட்டு நாள் என்று வைத்தால் 7,200 குறைகிறது. 36,080.

கணக்கெழுதுகிறவன் என்று மார்தட்டியதை வாபஸ் வாங்கவில்லை. திருத்தத் தெரிந்தவனும் கணக்கன்தான்.

2024 ஜூன் 16

இன்னொரு திருத்தம். இது எனக்குப் பிடிக்காத திருத்தம்.

நேற்று அக்காவைப் பஸ்தரிப்பில் கண்டு, 36,080 என்று கணக்கு வந்ததைச் சொன்னேன். சிரித்தார். “அவ்வளவு எங்கட்ட ஏது தம்பி?” எச்பிஏ1சி போன வருடம் ஒரேயொரு தரம்தான் செய்தாராம். வெளிக் குளிசை பத்து நாளைக்குத்தான் வாங்குவாராம், மிச்ச இருபது நாளும் இல்லாமல். அப்படியானால் 4,200 கழிகிறது, 7,200 கழிகிறது. 24,680.

செலவு குறையக் குறைய எனக்கு வயிறு கலங்கியது. இப்படியே கழித்துக்கொண்டு போனால் ஒரு நாள் பூச்சியத்தில் வந்து நிற்கும். அப்போது ஆளும் இருக்கமாட்டார்.

என் சித்தப்பாவும் இப்படிக் கழித்தவர்தான். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு, பெற்றோல் வரிசை, பஸ்ஸும் ஒழுங்காக இல்லை. அது போதாதென்று, அந்த ஏப்ரல் கடைசியில் பல மருந்துகளுக்கு அரசாங்கமே விலையை 40 வீதம் கூட்ட விட்டது. சித்தப்பா பிறசர்க் குளிசையைப் பாக்குவெட்டியால் பாதியாக வெட்டி, இன்றைக்குப் பாதி, நாளைக்குப் பாதி என்று போட்டார். ஆவணியில் ஒரு காலை தேத்தண்ணி கடைவாயால் வழிந்தது. கையும் விழுந்துவிட்டது. அரைக்குளிசையால்தான் வந்தது என்று எந்த டொக்டரும் சொல்லவில்லை, நாங்கள்தான் சொல்கிறோம். சக்கர நாற்காலி, பம்பஸ், வீட்டுக்கு வந்து கைகால் பயிற்சி கொடுப்பவர், சித்தி தையலை விட்டது எல்லாம் பிறகு வந்தவை. பாதிக்குளிசையில் மிச்சம் பிடித்தது எவ்வளவு என்று நான் கணக்குப் பார்க்கவில்லை. பார்க்கவும் மாட்டேன்.

2024 ஜூன் 17

“ஆளுக்கு ஐம்பது ரூபா வாங்கினால் ஆஸ்பத்திரியும் தாக்குப்பிடிக்கும், சும்மா வருகிற கூட்டமும் குறையும்” என்று ஒருவர்.

செய்து பார்த்த வேலை அது, ஐயா. அரச ஆஸ்பத்திரிகளில் கட்டணத்தை 1951இல் எடுத்துவிட்டார்கள். 1971இல் வெளிநோயாளர் துண்டுக்கு 25 சதம் என்று மறுபடி கொண்டுவந்தார்கள். கால் ரூபாதான், ஆனாலும் கூட்டம் குறைந்தது. குறைந்தது சும்மா வந்தவர்களா, வேண்டி வந்தவர்களா என்று வாசலில் நின்று பிரிக்க முடியாது. 1977இல் அதையும் எடுத்தார்கள்.

பெரியம்மாவிடம் இதைக் கேட்டேன். 25 சதத்துக்கு அப்போது என்ன வாங்கலாம் என்பது அவருக்கு ஞாபகமில்லை. கொடுக்கப் பஞ்சிப்பட்டுத் திரும்பி வந்தது ஞாபகமிருக்கிறது.

2024 ஜூன் 23

வெளியில் வாங்குகிற மருந்தைப் பற்றி. அக்காவின் துண்டை வாங்கிக்கொண்டு இந்த வாரம் மூன்று பாமசி ஏறி இறங்கினேன். முதல் கடையில் பெடியன், “அண்ணை, நல்லது வேணுமோ, சாதாரணம் வேணுமோ?” என்றான். சாதாரணம் என்றால் கெட்டதா என்று கேட்டேன். அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டிலும் உள்ளே இருப்பது ஒரே மருந்து, ஒரே மில்லிகிராம். பெட்டியும் பெயரும் வேறு, விலை இரண்டு மடங்குக்கு மேல். கடைசியாக அரசாங்கப் பாமசியான ஒசுசலவில் கேட்டேன், 900 ரூபாச் சரக்கு 380க்குக் கிடைத்தது.

ஒசுசல எப்படி வந்தது என்பதை இளம் ஆட்கள் அறிந்துவைப்பது நல்லது. பேராசிரியர் சேனக பிபிலே மருந்தியல் படிப்பித்தவர். கம்பனிப் பெயர் பார்த்து வாங்காமல் மருந்தின் சொந்தப் பெயரைப் போட்டு, நாட்டுக்கே மொத்தமாகக் கேள்விப்பத்திரம் கோரி வாங்கினால் விலை விழும் என்று காட்டினார். ஒசுசலவை நடத்துகிற அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் 1971இல் தொடங்கியபோது அவர்தான் முதல் தலைவர். பத்துப் பேர் சேர்ந்து ஒரு மூட்டை அரிசியாக எடுத்துப் பிரிப்போமே, அதே வேலைதான், நாட்டளவில்.

2016 ஒக்டோபரில் 48 மருந்துகளுக்கு உச்ச விலை கட்டினார்கள். அம்மாவின் குளிசைக் காசு குறைந்தது எனக்கு நன்றாக ஞாபகம். ரூபா விழுந்தபின் அந்த விலைகள் நிற்கவில்லை. இறக்குமதி மருந்து டொலரோடுதான் ஏறி இறங்கும், வர்த்தமானியால் எவ்வளவு நேரம் இழுத்துப் பிடிப்பது?

ஆகவே ஒரு சொல்: துண்டை நீட்டும்போது “மருந்தின் பெயர் இதுதானே, இதே பெயரில் விலை குறைந்தது இருக்கோ” என்று கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, மீன் சந்தையில் கேட்காததா?

2024 ஜூன் 24

வேலணையிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்: ஒசுசல பட்டினத்தில், நான் தீவில், பஸ்ஸுக்குப் போகிற காசில் விலைக்குறைவு கரைந்துவிடும்.

சரிதான். நான் வேலைக்குப் பட்டினம் போகிறவன், எனக்குப் பஸ் காசு எப்படியும் முடிகிறது. அதை யோசிக்காமல் எழுதிவிட்டேன்.

2024 ஜூலை 7

நெடுந்தீவுக்காரர் வந்ததிலிருந்து வேலணைக்காரர் அடங்கிவிட்டார் (பகிடி). ஆனால் அவர் சொன்னதை இங்கே பதிந்து வைக்கவேண்டும். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு ஒரு மணித்தியாலம் படகு, அங்கிருந்து பட்டினத்துக்குப் பஸ். காலைப் படகில் வெளிக்கிட்டு, இரத்தம் கொடுத்து, ரிப்போட் வரும்வரை காத்திருந்தால் பின்னேரப் படகு போய்விடும். ஆகவே அவர்களுக்குக் கிளினிக் என்றால் இரண்டு நாள், பட்டினத்தில் தங்க ஒரு சொந்தக்கார வீடு, அந்த வீட்டுக்குக் கொண்டுபோக ஏதாவது. “கருவாடு கொண்டுபோவம், அதையும் கணக்கில போடுங்கோ” என்று எழுதியிருக்கிறார். போட்டுவிட்டேன்.

அவசரத்துக்கு நிலைமை மாறியிருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். 1990 என்ற இலக்கத்துக்குப் போன் எடுத்துக் கூப்பிடுகிற அம்புலன்ஸ் வடக்குக்கு 2018 ஜூலையில் வந்தது. எடுத்தால் வருகிறது, காசு இல்லை. சித்தப்பாவைக் கொண்டுபோனதும் அதுதான். முன்பு நள்ளிரவில் ஓட்டோக்காரரைத் தட்டி எழுப்பி, அவர் சொன்ன காசுக்குத் தலையாட்டின காலம் ஒன்று இருந்தது.

விழுந்தபின் தூக்க வாகனம் வந்துவிட்டது. விழாமல் இருக்க மாதாமாதம் போகிற வழிக்குத்தான் ஒன்றுமில்லை.

2024 ஜூலை 20

ரொறொன்ரோவில் இருக்கிற ஒன்றுவிட்ட அண்ணை இதையெல்லாம் வாசித்துவிட்டுப் போன் எடுத்தார். “நான் ஒரு மெஷின் வாங்கித் தரட்டோ?”

அந்தக் கதை ஒன்று இருக்கிறது. பெயர் சொல்லமாட்டேன். வெளிநாட்டு நண்பர்கள் சேர்ந்து ஒரு சிறிய ஆஸ்பத்திரிக்கு இரத்தம் பரிசோதிக்கும் மெஷின் கொடுத்தார்கள். கையளிப்பு நாளில் நானும் நின்றேன். மாலை, குத்துவிளக்கு, ஐந்து பேச்சு, அதில் இரண்டு நீளம். மெஷினுக்குள் விடுகிற இரசாயனத் திரவம் முதல் தொகுதி மூன்று மாதத்தில் முடிந்தது. அது அந்தக் கம்பனியின் திரவம் மட்டும்தான் குடிக்கும், மாதாந்தச் செலவு யார் தலையில் என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை. அடுத்த வருடம் போனபோது பூப்போட்ட மேசைத்துணியால் மூடி, மேலே ஒரு சாமிப்படமும் வைத்திருந்தார்கள். கொடுத்தவர்களின் பெயர்ப்பலகை மட்டும் துடைத்துப் பளபளவென்று இருந்தது.

அண்ணையிடம் சொன்னேன்: மெஷின் வேண்டாம். சீனி பார்க்கிற ஸ்ரிப் வாங்கிக் கொடுங்கள், வருடா வருடம். கொஞ்சம் பேசாமல் இருந்துவிட்டு, “ஸ்ரிப்பில பேர் எப்பிடிப் போடுறது?” என்றார். பகிடிக்குத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன்.

2024 ஜூலை 21

நேற்று எழுதியது கொஞ்சம் அநியாயம். வெளியாட்களின் கொடையெல்லாம் மேசைத்துணிக்குக் கீழே போவதில்லை. 2011இல் தெற்கே தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை மட்டும் நடந்து சேர்த்த காசில்தான் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழும்பியது. அதற்குமுன் எங்கள் ஊரிலிருந்து மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய், ஒரு தரத்துக்கு ஒரு மாதம் என்று கொழும்பில் வாடகை கொடுத்துக் கிடந்தவர்களை எனக்குத் தெரியும். அங்கே கட்டடத்தைக் கொடையாளர் கட்டினார்கள், ஆளையும் மருந்தையும் மாதாமாதம் அரசாங்கம் போடுகிறது. மெஷின் கதையில் இல்லாமல் போனது இந்த இரண்டாவது பாதி.

2024 ஓகஸ்ட் 4

மழை இல்லை, வேலை இல்லை, கொஞ்சம் ஊர்ப்பெருமை பேசுகிறேன். அவசரக்காரர் இதைத் தாண்டிப் போகலாம்.

எங்களுக்குப் பக்கத்தில் மூளாய் கூட்டுறவு வைத்தியசாலை. 1930களில் ஊர்ச்சனம் பங்குக்காசு போட்டுத் தொடங்கியது, நாட்டின் முதலாவது கூட்டுறவு ஆஸ்பத்திரி என்று சொல்வார்கள். அம்மம்மா என் மாமாமார் இருவரையும் அங்கேதான் பெற்றார். மலாயா பென்சன்காரர்கள் ஊரில் நிறைய இருந்த காலம், காசு போட ஆள் இருந்தது. தனியாள் இலாபத்துக்கு நடத்தாத, அரசாங்கமும் நடத்தாத ஆஸ்பத்திரி ஒன்று இந்த மண்ணில் புதுமை இல்லை.

அதற்கும் முன்னால் மானிப்பாயில் டொக்டர் கிறீன். அமெரிக்க மிஷன்காரர், 1847இல் வந்தவர். இங்கத்தைப் பெடியங்களுக்கு மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பிக்கவேண்டும் என்று நின்று, உடற்கூற்று நூல்களையெல்லாம் தமிழில் ஆக்கினார். இங்கிலீசில் படித்தவன் கொழும்புக்குப் போய்விடுவான், தமிழில் படித்தவன் ஊரில் நிற்பான் என்பதும் அவர் யோசனையில் இருந்தது. இன்றைக்கு எங்கள் பிள்ளைகள் டொக்டராகி நேரே விமானமேறுவதைக் கண்டால் என்ன சொல்வாரோ.

கூட்டுறவு என்று சொன்னதும் சங்கம் ஞாபகத்துக்கு வருகிறது. அதைப் பிறகு எழுதுகிறேன்.

2024 ஓகஸ்ட் 25

எங்கள் மரண உதவிச் சங்கத்தில் 214 குடும்பம். மாதம் நூறு ரூபா. சாவு விழுந்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் பந்தல், கதிரை, தேத்தண்ணிக் கேத்தல், கையில் 40,000 ரூபா. ஒரு வீடும் கடன்படாமல் பிணத்தை எடுக்கலாம். போன பொதுக்கூட்டத்தில் நான் எழும்பிச் சொன்னேன்: செத்தபின் தரச் சங்கம் இருக்கிறது, சாகாமல் இருக்க ஒரு சங்கம் இல்லை. கைதட்டினார்கள். அப்புறம், “சரி, நீயே செய்” என்று விட்டார்கள். கைதட்டலுக்குப் பின்னால் எப்போதும் இது ஒன்று இருக்கும்.

முதலில் யோசித்தது காப்புறுதி மாதிரி ஒன்று: மாதம் கூட ஐம்பது கட்டு, வருத்தம் வந்தால் தருவோம். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கிழித்தேன். சாவு ஆளுக்கு ஒருமுறை, தொகையும் ஒன்று, பொய் சொல்ல முடியாது. அதனால்தான் மரணச் சங்கம் அறுபது வருடமாக நிற்கிறது. வருத்தம் அப்படியில்லை. ஒருவருக்கு வருடம் முழுக்க, மற்றவருக்கு ஒன்றுமில்லை. விருப்பப்பட்டவர் சேரலாம் என்றால் வருத்தக்காரர்தான் சேர்வார், ஆறு மாதத்தில் பெட்டி காலி. எல்லோரும் கட்டாயம் கட்டுவது, வருத்தம் வந்தவருக்கு அதிலிருந்து எடுப்பது என்றால் அதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது, வரி. அதை நாங்கள் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம், பருப்பு வாங்கும்போதும்.

ஆகவே கிளினிக் வான். செவ்வாய்க்கிழமை காலை ஒரு வான் வாடகைக்குப் பிடித்து, ஊர்க் கிளினிக்காரரை ஒன்றாக ஏற்றி இறக்குவது. வாடகை 6,000. முதல் ஓட்டம் அடுத்த மாதம்.

2024 செப்டெம்பர் 22

நேற்று வாக்குப் போட்டேன். வரிசையில் முன்னும் பின்னும் எல்லோரும் மருந்து விலைதான் கதைத்தார்கள்.

2024 ஒக்டோபர் 20

வான் கதை முடிந்தது. சுருக்கமாகச் சொல்கிறேன், ஆற அமரச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

முதல் ஓட்டம் பதினொரு பேர், தலைக்கு 545 ரூபா. இரண்டாவது நாலு பேர், 1,500. மூன்றாவது இரண்டு பேர், 3,000. பஸ்ஸில் 240.

சீனிக் கிளினிக் செவ்வாய், கண் வியாழன், இருதயம் வேறு நாள். ஒரே கிளினிக் என்றாலும் அடுத்த திகதி ஆளாளுக்கு வேறு. முதல் நாள் வந்த பதினொரு பேரில் மூன்று பேருக்குக் கிளினிக்கே இல்லை, வான் ஓடுகிறதே என்று ஏறி, பட்டினத்தில் சாமான் வாங்கிக்கொண்டு வந்தார்கள். திரும்பும்போது ஒருவருக்குப் பத்து மணிக்கு முடிந்தது, மற்றவருக்கு இரண்டு மணிக்கு. வான்காரர் காத்திருப்புக் காசும் கேட்டார்.

கூட்டத்தில் கணக்குச் சமர்ப்பித்தேன். ஒருவரும் கைதட்டவில்லை.

2024 ஒக்டோபர் 27

தோற்றபின்தான் ஒன்று ஞாபகம் வந்தது. 2020 ஊரடங்கில் கிளினிக் மருந்து தபாலில் வந்ததே! விபரம் கொடுத்தவர்களுக்கு ஆஸ்பத்திரியில் பொதி கட்டி, தபால்காரர் சைக்கிளில் வீட்டு வாசலில் தந்துவிட்டுப் போனார். அம்மாவுக்கும் வந்தது. உறைமேல் அம்மாவின் பெயரைத் தமிழில் யாரோ மிஸ்ஸி (தாதி) வடிவாக எழுதியிருந்தார், அம்மா அந்த உறையை எறியவில்லை.

ஆட்களை ஏற்றி இறக்க நான் வான் பிடித்தேன். அன்றைக்கு ஆள் அசையவில்லை, மருந்துதான் வந்தது. ஊரடங்கு முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு அது நின்றுவிட்டது. தபால்காரர் இப்போதும் அதே ஒழுங்கையால்தான் தினமும் போகிறார், வங்கிக் கடிதம் கொண்டு.

2024 நவம்பர் 10

ஓய்வுபெற்ற மருந்தாளர் ஒருவர் இங்கே எழுதியதைப் பிடித்துக்கொண்டு ஒரு வேலை செய்தேன். சீனியும் பிறசரும் கட்டுப்பாட்டில் இருப்பவரைப் பட்டினத்துக் கிளினிக் டொக்டரே கடிதம் கொடுத்து ஊரிலுள்ள பிரதேச வைத்தியசாலைக்கு மாற்றலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மட்டும் பெரிய டொக்டரிடம் காட்டினால் போதும். அக்காவுக்குக் கேட்டோம், கடிதம் கிடைத்தது. ஒரு வெள்ளைத்தாள், நாலு வரி, செலவு பூச்சியம். என் மூன்று வானும் 18,000.

ஆனால் ஊரில் இதற்கு ஆள் பிடிப்பது சுலபமில்லை. “சின்ன ஆஸ்பத்திரியில் தாறது சின்ன மருந்து” என்பது பலருடைய நம்பிக்கை. ஒரே லொறியில் வருகிற ஒரே குளிசை என்று சொன்னேன். “இருக்கலாம், எண்டாலும்…” என்று இழுத்தார்கள்.

அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் ஆரோக்கிய வாழ்க்கை நிலையம் என்று ஓர் அறை. 35 வயது தாண்டியவர் போனால் பிறசர், சீனி, நிறை எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். ஆம்பிளைகளைக் காணவே முடியாது. இல்லாத வருத்தத்தைத் தோண்டி எடுத்துத் தருவார்கள் என்ற பயம். எல்லோருக்கும் முன்மாதிரியாக இருப்போம் என்று நான் போனேன். 150க்கு 95. இப்போது எனக்கும் ஒரு கொப்பி.

2024 டிசம்பர் 15

போன மாதக் கடைசி வெள்ளத்தில் இரண்டு நாள் வீட்டுக்குள் தண்ணீர். அது வடியமுன் எலிக்காய்ச்சல் வந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் உயிர்கள் போனது எல்லோருக்கும் தெரியும். வயலில் இறங்குகிறவர்களுக்குச் சுகாதாரப் பகுதியினர் தடுப்புக் குளிசை கொடுத்தார்கள். எங்கள் பக்கம் பீஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) மோட்டார்சைக்கிளில் வந்து, வயல் வரம்பில் நின்றபடி, பெயர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அக்காவும் வாங்கினார். அன்றைய கூலி போகவில்லை.

இந்த இழையில் ஆறு மாதமாக எழுதியதில் கூலி போகாத முதல் வைத்தியம் இதுதான்.

2025 ஜனவரி 19

அக்காவின் புதுக் கணக்கு. பஸ் இல்லை, சைக்கிளில் போகிறார். தேத்தண்ணி வீட்டில். வெளிக் குளிசையை மாதத்துக்கு முழுதாக நான் ஒசுசலவில் வாங்கி வருகிறேன், 380. கூலி? “அது போறதுதானே தம்பி.”

எப்படிப் போகும்? ஒன்றரைக் கிலோமீற்றர்தானே, பத்து மணிக்கு வந்துவிடுவீர்களே என்றேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நான் ஒருநாளும் மண்வெட்டி பிடிக்காதவன் என்பது தெரிந்தது. தோட்டம் ஆறரைக்குத் தொடங்கி ஒரு மணிக்கு முடியும். கிளினிக் எட்டுக்குத் தொடங்கிப் பன்னிரண்டுக்கு முடியும். பத்து மணிக்கு வருகிறவளை எந்தத் தோட்டக்காரர் இறக்குவார்?

தூரத்தைக் குறைத்துவிட்டேன் என்று துள்ளிக்கொண்டு இருந்தேன். 1,800இல் ஒரு சதமும் குறையவில்லை.

2025 ஜனவரி 20

இரவு நித்திரை வரவில்லை, முதல் கேள்விக்குத் திரும்பிப் போனேன். சனம் ஏன் பிறைவேற்றுக்கு ஓடுகிறது?

அரச டொக்டர்மார் வேலை நேரத்துக்கு வெளியே தனியாகப் பார்க்க 1977இலிருந்து அனுமதி உண்டு. காலையில் கிளினிக்கில் இருந்த அதே டொக்டர், பின்னேரம் நாலு மணிக்குப் பிறைவேற்றில் இருப்பார். அதே கை, அதே ஸ்ரெதஸ்கோப். நானும் சனல் பண்ணி, அதாவது பிறைவேற்றில் காசு கட்டி நேரம் எடுத்து, போகிறவன்தான், கடையில் லீவு போட்டால் ஒரு நாள் சம்பளம் போகும். டொக்டருக்கு என்று நினைத்துத்தான் 2,500 கொடுக்கிறேன். உண்மையில் நான் வாங்குவது பின்னேரத்தை. அக்காவுக்குக் காலை கூலிக்கு வேண்டும், பின்னேரம் வாங்கக் காசில்லை.

கேள்வி கேட்டவரே, நீங்கள் சொன்னது முழுப் பிழை இல்லை. ஓடுகிறார்கள்தான். தேவையில்லாமல் என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள்.

2025 பெப்ரவரி 16

இடையில் ஒரு பயனுள்ள செய்தி: பெரிய சத்திரசிகிச்சைகளுக்கு ஜனாதிபதி நிதியத்தில் உதவி கேட்க இனிக் கொழும்புக்குப் போகத் தேவையில்லை, இந்த மாதத்திலிருந்து பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பம் கொடுக்கலாம். இருதய சத்திரசிகிச்சைக்கு நாள் கொடுத்த யாராவது வீட்டில் இருந்தால் சொல்லிவிடுங்கள்.

கைதடியில் சித்த வைத்தியம் பார்க்கலாமா என்று கேட்டவருக்கு: பாருங்கள், அதுவும் அரச ஆஸ்பத்திரிதான். ஆனால் போட்டுக்கொண்டிருக்கிற இன்சுலினை நீங்களாக நிறுத்தாதீர்கள், இரு பக்க டொக்டருக்கும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். குளிர்சாதனப் பெட்டி இல்லாதவர்கள் இன்சுலின் குப்பியை ஈரமணல் போட்ட மண்சட்டிக்குள் வைக்கலாம் என்று மிஸ்ஸி சொல்லித் தந்தார். அக்காவீட்டில் அப்படித்தான், சமையலறை மூலையில், பூனைக்கு எட்டாமல்.

2025 மார்ச் 9

சங்கத்தின் பெயரில் ஊர் ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். கேட்டது ஒன்றே ஒன்று: மாதத்தில் ஒரு நாள், பின்னேரம் மூன்றிலிருந்து ஆறு மட்டும் ஒரு சீனிக் கிளினிக். கூலிக்குப் போகிற முப்பத்தெட்டுப் பேரின் பெயரும் கையொப்பமும் பின்னால். இரண்டு பேர் பெருவிரல் வைத்தார்கள்.

அங்கத்தை டொக்டருக்கு விருப்பம், முகத்தில் தெரிந்தது. மருந்து கொடுப்பவருக்கும் மிஸ்ஸிக்கும் மேலதிக நேரக் கொடுப்பனவு மேலே அனுமதிக்கவேண்டுமாம். சங்கம் தரட்டுமா என்றோம். அரச ஊழியருக்கு நாங்கள் காசு கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை, அது சரிதான், கேட்டதே என் பிழை. கடிதம் மேலே போயிருக்கிறது. ரொறொன்ரோ அண்ணை ஸ்ரிப்புக்கு முதல் தவணைக் காசு அனுப்பிவிட்டார், பெயரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

பின்னேரக் கிளினிக் வந்தாலும் வரலாம் என்று அக்காவிடம் சொன்னேன். பாத்தியில் குனிந்து நின்றவர் நிமிர்ந்து, கையில் இருந்த மண்ணைச் சட்டையில் துடைத்தார்.

“பின்னேரம் எண்டால் குளிச்சுப்போட்டு வரலாம் என்ன?”